மன்னார்க் கோட்டையும் மலையகத்து லயங்களும்

மலையகத் தமிழ் மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கம்பளையை அடுத்த சிங்ஹபிட்டியவிலிருந்தே தொடங்குவர். 1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்பார் அங்கே கோப்பித் தோட்டம் ஒன்றைத் திறந்தமையும், தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் பேராதனைக்கு எதிர்க்கரையிலுள்ள கன்னொறுவவில் தாமே கோப்பி பயிரிட்டமையும் யாவரும் அறிந்த செய்திகள். மலையிலிருந்து தொடங்கும் இவ்வரலாறு மலையிலேயே முடிந்துவிடுகின்றது. அதனை ஒரு கடற்கரைக் கோட்டையின் வாயிலில் நின்று பார்த்தால் என்ன தோன்றும் என்னும் வினாவே எம்மை மன்னாருக்கு அழைத்துச் சென்றது.

வினா எழுந்த விதத்தையும் கூறிவிடல் வேண்டும். மேற்கு ஆபிரிக்காவின் கானா நாட்டிலுள்ள எல்மினாக் கோட்டையைப் பற்றி எம்மிடையே ஒரு மாலை உரையாடல் நிகழ்ந்தது. 1482இல் போர்த்துக்கேயர் பொன் வாணிகத்தின் பொருட்டுக் கட்டிய அக்கோட்டை, பின்னர் அடிமை வாணிகத்தின் களஞ்சியமாயிற்று. 1637இல் அதனை ஒல்லாந்தர் கைப்பற்றினர். நிலவறைகளில் மாந்தர் அடைத்து வைக்கப்பட்டு, குறுகிய வாசலொன்றின் வழியாகக் கப்பலேற்றப்பட்டனர். அவ்வாசலை இன்று ‘திரும்பாத வாசல்’ என்று காட்டுவர். பெண்கள் அடைக்கப்பட்டிருந்த முற்றத்தை நோக்கியபடி ஆளுநரின் மேன்மாடம் அமைந்துள்ளது. அதே மதில்களுக்குள்ளே தேவாலயமும் இருந்தது. ஆபிரிக்கக் கரைகளிலிருந்து அத்திலாந்திக் கடல் வழியே ஏற்றிச் செல்லப்பட்டோர் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேர் என்றும், அவர்களுள் உயிரோடு கரையிறங்கியோர் 1 கோடியே 7 இலட்சம் அளவினர் என்றும் ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். அமெரிக்கக் கண்டத்துக் கறுப்பின மக்கள் இன்று அக்கோட்டைக்கு யாத்திரையாக வருகின்றனர். உரையாடலின் முடிவில், ஹற்றனை அடுத்த தோட்டமொன்றின் லயத்திலே பிறந்து வளர்ந்த நண்பர் கேட்டார்: “அவர்களுக்குப் போய் நிற்க ஒரு வாசல் இருக்கிறது. எங்களுக்கு எந்த வாசல்?”

இக்கேள்விக்கு உடனே விடை கூற முற்படின் இரண்டு பிழைகளுள் ஒன்றிற் சென்று விழுவோம். தோட்டத் தொழிலாளர் அடிமைகளே என்று கூறி ஆபிரிக்கரின் அனுபவத்தையும் மலையக மக்களின் அனுபவத்தையும் ஒன்றாகக் குழைத்துவிடுதல் ஒரு பிழை. அவர்கள் கூலிக்கு உழைக்கத் தாமாக வந்தவர்களே என்று கூறி விலகிவிடுதல் மற்றைய பிழை. முன்னதை உணர்ச்சி வசப்பட்டோர் செய்வர். பின்னதைத் துரைமார் நெடுங்காலமாகச் செய்து வந்துள்ளனர். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள மெய்ந்நிலையை அறிதற்குக் கோட்டையையும் பார்த்தல் வேண்டும், கோட்டையில்லாத இடங்களையும் பார்த்தல் வேண்டும்.

ஒரு விடுமுறையின்போது ஹற்றனிலிருந்து புறப்பட்டோம். எம்மிற் சிலர் மலையகத்தவர், சிலர் யாழ்ப்பாணத்தவர், ஒருவர் மன்னாரைச் சேர்ந்தவர். கண்டி, மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி என்று செல்லும் வழி, ஏறத்தாழ, கோப்பிக் காலத்துத் தொழிலாளர் நடந்து வந்த வட பாதையை எதிர்த்திசையிற் செல்லும் வழியாகும். மன்னாரிலிருந்து மாத்தளைக்கு அவர்கள் கால்நடையாகக் கடந்த தொலைவு 130 மைலுக்கு மேற்பட்டது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலிற் சிறிது நேரம் தங்கினோம். 1874இல் எழுந்த இக்கோயில் நெடுவழி நடந்து வந்தோர் தங்கி இளைப்பாறிய இடத்தின் நினைவைக் கொண்டது. அங்கிருந்து வடக்கே செல்லச் செல்ல மலை மறைந்து காடு வந்தது. காட்டின் பின் வெளி வந்தது. வாகனத்தின் சாளரத்தினூடாக ஒரு பகலிற் பார்த்து முடித்த இந்நிலக்காட்சியை அவர்கள் பல நாள் நடந்து பார்த்தனர். நீரின்மையாலும் வாந்திபேதியாலும் அம்மையாலும் வழியிலே வீழ்ந்தவர்கள் எத்துணையர் என்பதற்கு முறையான பதிவு வைக்கப்படவில்லை. 1841 முதல் 1849 வரையான காலத்தில் மட்டும் எழுபதினாயிரம் பேர் மாண்டிருக்கலாம் என்று அக்காலத்துக் ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகை மதிப்பிட்டது. அது பத்திரிகையொன்றின் மதிப்பீடே. ஆயினும் துரைமாரின் சார்பில் எழுதி வந்த பத்திரிகைகளின் உலகிலிருந்தே அது வெளிவந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

மன்னார்க் கோட்டை, தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தின் அருகே, தாழ்ந்த கடலோரத்தில் அமைந்துள்ளது. நான்கு மூலைகளிலும் கொத்தளங்களைக் கொண்ட சதுர வடிவான கட்டடம் அது. சுற்றிலும் அகழி உள்ளது. உள்ளே கூரையிழந்த தேவாலயமும் ஒல்லாந்தரின் கல்லறைக் கற்களும் சிதைந்த அறைகளும் எஞ்சியுள்ளன. 1560இல் போர்த்துக்கேயர் இதனைக் கட்டினர். முத்துக்குளிப்பைத் தம் கையில் வைத்திருப்பதும், மதம் மாறிய பரதவரைக் காப்பதும், யாழ்ப்பாண அரசின்மீது கண் வைத்திருப்பதும் அவர்தம் நோக்கங்களாயிருந்தன. 1658 பெப்ரவரியில் ஒல்லாந்தர் இதனைக் கைப்பற்றினர். 1696இற் புதுக்கிக் கட்டினர். 1795இற் பிரித்தானியர் வசமாயிற்று. எல்மினா பொன்னுக்காக எழுந்ததுபோல மன்னார் முத்துக்காக எழுந்தது. இரண்டிலும் போர்த்துக்கேயரின் பின் ஒல்லாந்தர் வந்தனர். அங்கே வந்தது ஒல்லாந்தரின் மேற்கிந்தியக் கம்பனி, இங்கே வந்தது அவர்தம் கிழக்கிந்தியக் கம்பனி. கணக்கேடுகள் ஒரே நாட்டில் எழுதப்பட்டன.

உண்மையைக் கூறுவதாயின், கோட்டை எம்மை ஏமாற்றியது. எல்மினாவின் நிலவறைகளைப் படித்துவிட்டுச் சென்ற கண்களுக்கு அங்கே காண்பதற்கு அதிகமில்லை. காவலுக்கும் களஞ்சியத்துக்கும் உரிய அறைகளே உள்ளன. இருண்ட அறையொன்றில் நின்று, இதிற்றான் அடைத்து வைத்திருப்பார்களோ என்று ஒருவர் கூற, மன்னார் நண்பர், “இது வெடிமருந்து வைத்த இடமாக இருக்கும்” என்று திருத்தினார். அத்திருத்தம் எமக்கு நல்ல பாடமாயிற்று. வேண்டியதைச் சுவரிற் காணும் பழக்கம் வரலாற்றாய்வுக்கு ஆகாது. எனினும் ஆவணங்கள் கூறுவது வேறு.

ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்த அதே 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணமும் நாகபட்டினமும் அவர்கள் கைக்கு வந்தன. பாக்கு நீரிணையின் இரு கரைகளும் ஒரே கம்பனியின் கீழ் வந்தன என்பது இதன் பொருள். அடுத்து நிகழ்ந்தவற்றை, ஒல்லாந்தரின் இந்து சமுத்திர அடிமை வாணிகத்தை ஆராய்ந்த மார்க்கஸ் விங்க் தொகுத்துக் கூறியுள்ளார். பீஜப்பூர்ப் படைகளின் தொடர்ச்சியான தாக்குதலாற் தஞ்சை நாடு பாழாயிற்று. பஞ்சம் பரவியது. 1659 முதல் 1661 வரையான காலத்தில் நாகபட்டினம், பழவேற்காடு முதலிய இடங்களில் 8,000 முதல் 10,000 வரையானோரைக் கம்பனி அடிமைகளாக விலைக்கு வாங்கியது. அவர்களுட் பெரும்பாலோர் இலங்கைக்கே அனுப்பப்பட்டனர். எஞ்சியோர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் சென்றனர். 1673 முதல் 1677 வரை மதுரைக் கரையிலிருந்து மட்டும் 1,839 பேர் ஏற்றப்பட்டனர். 1694 முதல் 1696 வரை தனியார் வணிகர் சோழமண்டலக் கரையிலிருந்து இலங்கைக்குக் கொணர்ந்தோர் 3,859 பேர்.

இவ்வெண்களை அத்திலாந்திக் வாணிகத்தின் எண்களோடு ஒப்பிட்டால் மிகச் சிறியன. ஆயினும் மலையக வரலாற்றை ஆராய்வோருக்கு இவை ஓர் உண்மையை உணர்த்துகின்றன. தஞ்சையும் மதுரையும் திருச்சியும் இலங்கைக்கு உழைப்பாளரை வழங்கும் நிலங்களாகியமை கோப்பியோடு தோன்றிய புதுமையன்று. போர், வரி, வரட்சி, பஞ்சம் ஆகியவற்றால் நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டோரைக் கரையில் நின்று கப்பலேற்றும் வழிமுறை, பிரித்தானியக் கோப்பித் துரைமார் வருவதற்கு நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பே நடைமுறையில் இருந்தது. அன்று வாங்கியவர் கம்பனியார். விற்றவர் யார்? உள்ளூர்த் தரகர், சிற்றரசரின் அலுவலர், சில வேளைகளிற் பசியால் வாடிய பெற்றோர். இக்கேள்வியை எழுப்பாது ‘அந்நியர் செய்த கொடுமை’ என்று மட்டும் எழுதிச் செல்வது எளிது.

எளிய வழி எமக்கு இல்லை. 1707இல் யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தளித்த தேசவழமையில், சீதனத்துக்கும் ஈட்டுக்கும் உரிய விதிகள் இருப்பது போன்றே அடிமைகளுக்கு உரிய பகுதியும் உண்டு. கோவியர், நளவர், பள்ளர் என்னும் சமூகத்தவர் அதில் அடிமைகளாகப் பேசப்படுகின்றனர். அது ஒல்லாந்தர் புதிதாய் இயற்றிய விதியன்று. யாழ்ப்பாணத்து நிலவுடைமையாளரின் வழக்கத்தை அவர்கள் எழுத்தில் இட்டனர். எழுத்தில் இட்டமையால் அவ்வழக்கம் மேலும் இறுகியது. பிரித்தானியர் 1806இல் அடிமைகளைப் பதிவு செய்ய விதி செய்து, படிப்படியாக நகர்ந்து, 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலமே அடிமைத்தனத்தை இலங்கையில் முற்றாக ஒழித்தனர். இதனைக் கோட்டையின் கொத்தளத்தில் அமர்ந்து பேசியபோது எம்முள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தோர் சிறிது நேரம் மௌனமாயிருந்தனர். அம்மௌனத்தையும் இங்கே பதிவு செய்கின்றோம்.

ஒரு சிறு விலகல். மன்னார் பள்ளிமுனையிற் பெருத்த அடியுடன் நிற்கும் பெருக்க மரத்தையும் கண்டோம். அது ஆபிரிக்கக் கண்டத்துக்கு உரிய மரம். அராபிய வணிகர் கொணர்ந்து நட்டது என்பர். மரத்தைக் காண வருவோர் பலர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரித்தானியரும் ஆபிரிக்காவிலிருந்து கொணர்ந்த மாந்தரின் வழியினர் இன்றும் புத்தளத்தை அடுத்த சிறம்பியடியில் வாழ்வதை அறிந்தோர் சிலரே. கொழும்பிலே கம்பனியின் அடிமைகளை இரவில் அடைத்து வைத்த தீவுத் திடலை ஆங்கிலத்தில் அடிமைத் தீவு என்றே வழங்கினர். தமிழில் அது கொம்பனித் தெரு. அடிமையை மறந்து கம்பனியை மட்டும் நினைவில் வைத்திருக்கும் இப்பெயர் ஆராயத்தக்கது.

இனி, கோட்டைக்கும் மலைக்கும் இடையே உள்ள நேரடித் தொடர்பைக் கூறுவாம். அது மன்னாரில் இல்லை, யமெய்க்காவில் உள்ளது. பிரித்தானியப் பாராளுமன்றம் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அடிமைகளை இழந்த உடைமையாளருக்கு இரண்டு கோடி பவுண் இழப்பீடு வழங்கப்பட்டது. அடிமைகளுக்கு எதுவும் வழங்கப்படவில்லை. அச்சட்டம் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆள்புலங்களுக்கும் இலங்கைத் தீவுக்கும் சென். ஹெலினாவுக்கும் செல்லாது என்று அதன் வாசகமே விலக்களித்தது. மேற்கிந்தியத் தீவுகளில் 1838இல் எஞ்சிய கட்டாயப் பயிற்சி முறையும் நீங்க, விடுதலை பெற்ற மக்கள் தோட்டங்களை விட்டு வெளியேறத் தொடங்கினர். யமெய்க்காவின் கோப்பி வீழ்ந்தது. இலண்டன் சந்தையில் விலை ஏறியது. இதற்கு முன்னரே, 1835இல், இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் பிரித்தானியாவில் இறக்குமதித் தீர்வை சமமாக்கப்பட்டிருந்தது. அத்திலாந்திக்கில் ஒரு கதவு மூடியபோது கண்டி மலைகளில் மற்றொன்று திறந்தது என்பது மிகைக் கூற்றன்று.

முதல் மட்டுமன்றி முறையும் அங்கிருந்தே வந்தது. 1837இல் இலங்கைக்கு வந்த ரொபேர்ட் பொய்ட் டைட்லர் என்னும் ஸ்கொத்லாந்தர் யமெய்க்காவிற் கோப்பிப் பயிர்ச்செய்கையைக் கற்றுத் தேர்ந்தவர். மேற்கிந்திய முறையினை இங்கே அறிமுகஞ் செய்தவர் என்று துரைமார் வரலாறுகள் அவரைப் போற்றும். துரைமாரின் கைநூலாக நெடுங்காலம் விளங்கியது, லபோரி என்பார் 1798இல் வெளியிட்ட, சென் டொமிங்கோக் கோப்பிச் செய்கையைப் பற்றிய நூல். சென் டொமிங்கோ என்பது இன்றைய ஹெயிற்றி. அடிமைகள் கிளர்ந்தெழுந்து 1804இற் குடியரசு அமைத்த நாடு அது. அக்கிளர்ச்சியாற் தோட்டம் இழந்தவர்களுள் ஒருவர் எழுதிய நூலைப் படித்தே கண்டி மலைகளிற் காடு வெட்டினர். நாற்றுமேடை அமைப்பது, கன்றுகளுக்கிடையே இடைவெளி விடுவது, கொட்டை உரிப்பது என்பவற்றோடு ஆட்களை அணியாகப் பிரித்து வேலை வாங்கும் முறையும் அந்நூல்வழி வந்தது. அந்த முறை யாரை வைத்து உருவாக்கப்பட்டதோ அவர்கள் அடிமைகள். இங்கு அதனைப் பிரயோகிக்கத் துரைமார்க்கு அடிமைகள் இல்லை. வேறொரு கட்டு வேண்டியிருந்தது.

அக்கட்டினை விளங்கிக்கொள்வதே மலையக ஆய்வின் மையமாகும். மொறீஷியசுக்கும் டெமெராராவுக்கும் சென்றோர் ஐந்தாண்டு ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டுச் சென்றனர். அதனை ஆங்கில அமைச்சர் ஜோன் ரசல் பிரபு 1840இலேயே புதிய அடிமை முறையாகிவிடும் என்று அஞ்சினார். அத்தொடரையே தலைப்பாக்கி ஹியூ டிங்கர் 1974இல் நூல் எழுதினார். இலங்கைக்கு வந்தோருக்கு இவ்வகை நீண்ட ஒப்பந்தம் இல்லை. ஒரு மாத அறிவித்தல் கொடுத்து விலகலாம் என்பதே சட்டத்தின் ஏட்டு நிலை. ஆகவே இலங்கைத் தொழிலாளன் சுதந்திரமானவன் என்று தோட்டத்துரைமார் பெருமையுடன் கூறி வந்தனர். அவர்கள் கூறாது விட்டது கடனை.

கங்காணி தன் ஊருக்குச் சென்று ஆள் திரட்டும்போது தோட்டம் அவனுக்கு முன்பணம் கொடுக்கும். ஊரிலே பழைய கடனைத் தீர்க்கவும், வழிச்செலவுக்கும், வந்து சேர்ந்தபின் கம்பளிக்கும் அரிசிக்கும் ஆகும் தொகை யாவும் தொழிலாளன் பேரிற் கடனாக எழுதப்படும். எழுதுவோன் கங்காணி. தொழிலாளனுக்கு எழுத்துத் தெரியாது. உரிய அறிவித்தல் இன்றி வேலையை விட்டு ஓடினால், 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்படி அது குற்றம், சிறைத்தண்டனைக்கு உரியது. அறிவித்தல் கொடுத்து விலகினாலும் வேறு தோட்டம் ஏற்க வேண்டுமாயின் ‘துண்டு’ வேண்டும். துண்டு என்பது துரை எழுதிக் கொடுக்கும் சிறு தாள். இன்ன கங்காணியும் அவன் ஆட்களும் இவ்வளவு தொகையைக் கட்டினால் விடுவிக்கப்படுவர் என்பதே அதன் வாசகத்தின் சாரம்.

எடுத்துக்காட்டாக, ஒரு கங்காணியின் கீழ் முப்பது பேர், அவர்கள் பேரில் மொத்தக் கடன் ஆயிரத்து ஐந்நூறு ரூபா எனக் கொள்வோம். அதிக முன்பணம் தரும் மற்றொரு தோட்டத்தைத் தேடிக் கங்காணி துண்டோடு செல்கின்றான். புதிய துரை இரண்டாயிரம் கொடுத்து அவர்களை எடுக்கின்றார். பழைய தோட்டத்துக்குச் சேர வேண்டியது சேர்கின்றது. மிகுதி ஐந்நூறு கங்காணியின் மடிக்குச் செல்கின்றது. முப்பது பேரும் இப்போது இரண்டாயிரம் ரூபாவுக்குக் கடனாளிகள். எவரும் அவர்களை விற்கவில்லை, எவரும் வாங்கவில்லை. தாள்தான் கைமாறியது. ஆட்கள் தாளின் பின்னே நடந்தனர். தட்டுமுட்டுச் சாமான்களைத் தலையிற் சுமந்துகொண்டு ஒரு மலையிலிருந்து இறங்கி மறு மலை ஏறினர். தாம் எத்தொகைக்குக் கைமாறினோம் என்பது அவர்களுட் பலருக்குத் தெரிந்திராது.

இதனை அடிமைத்தனம் என்று கூறலாமா? ஆபிரிக்க அடிமையின் பிள்ளை பிறக்கும்போதே பிறர் உடைமை. சட்டத்தின் கண்ணில் அவன் ஆளேயல்லன். மலையகத் தொழிலாளி சட்டத்தின் கண்ணில் ஆள். கூலிக்கு வழக்குத் தொடுக்க உரித்துடையவன். கோப்பிக் காலத்திற் பலர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். திரும்பும் வாசல் அவர்களுக்கு இருந்தது. இவ்வேறுபாடுகள் பெரியன. அவற்றை மறைப்பது இரு சாராருக்கும் செய்யும் அநீதி. ஆனால் தேயிலை வந்தபின் நிலை மாறியது. 1869இற் கோப்பி இலைநோய் தோன்றியது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிற் பத்தொன்பது ஏக்கரில் வைத்த தேயிலை அடுத்த சில பத்தாண்டுகளில் மலை முழுதும் பரவியது. கொழுந்துக்குப் பருவ ஓய்வில்லை. ஆண்டு முழுவதும் கைகள் வேண்டும், அதிலும் பெண்களின் கைகள் வேண்டும். குடும்பம் லயத்துக்கு வந்தது. பத்தடி சதுரத்தை ஒட்டிய அறையிற் குடும்பம் தங்கியதும் கடனும் அங்கேயே தங்கியது. ஊர் தொலைந்தது.

எல்மினாவின் மதில் கல்லால் ஆனது. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் மதில் எதுவும் இல்லை. வெளியார் தோட்டத்தினுள் நுழைவது அத்துமீறல் என்னும் சட்டம் இருந்தது. தொழிலாளரின் நிலையை நேரிற் காண விரும்பிய கோ. நடேசய்யர், துணி வியாபாரி வேடமிட்டே தோட்டங்களுக்குட் செல்ல வேண்டியிருந்தது. பொன்னம்பலம் அருணாசலமும் பெரி. சுந்தரமும் 1919இல் தொழிலாளர் நலச் சங்கம் அமைத்துக் குரல் எழுப்பினர். இந்திய அரசின் நெருக்குதலும் சேர்ந்தது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1931இல் நடேசய்யர் ஹற்றனிலே தொழிற்சங்கத்தைத் தொடங்கினார். அவருக்குத் துணை நின்று, கூட்டங்களிற் பாட்டுப் பாடி மக்களைத் திரட்டியவர் அவர் துணைவியார் மீனாட்சி அம்மாள். துண்டு ஒழிந்ததை வரலாற்று நூல்கள் ஒரு வரியிற் கூறிச் செல்கின்றன. யமெய்க்காவில் அடிமை ஒழிந்த நாளை மக்கள் இன்றும் கொண்டாடுகின்றனர். துண்டு ஒழிந்த நாளை மலையகத்திற் கொண்டாடுவாரை நாம் அறியோம். கடன் போனாலும் லயம் போகவில்லை என்பது இதற்கொரு காரணமாகலாம்.

கோட்டையை விட்டுத் தலைமன்னாருக்குச் சென்றோம். மாலை வேளை. இறங்குதுறையின் இரும்புத் தூண்கள் துருவேறிக் கடலினுள் நீண்டிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வட பாதை மூடப்பட்டுத் தொழிலாளர் தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்கு வரலாயினர். பின்னர் 1914இற் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் திறக்க, தனுஷ்கோடியிலிருந்து கப்பல் இங்கே வந்தது. மறுகரையில் மண்டபம் முகாம் அமைந்தது. அங்கே தொழிலாளரை நிறுத்தி, உடைகளை நீராவியில் இட்டு, உடம்பைச் சோதித்து, நோயில்லை என்று கண்டபின் தோட்டவாரியாக அனுப்பினர். அவரவர் செல்ல வேண்டிய தோட்டத்தின் எழுத்தும் எண்ணும் பொறித்த தகரத்துண்டு ஒன்று 1900களின் தொடக்கத்திலிருந்தே அவர்களுக்கு வழங்கப்பட்டு வந்தது. அதனைக் கயிற்றிற் கோத்துக் கழுத்தில் அணிந்தனர். வழியில் எந்த நிலையத்திலும் அத்தகரத்தைக் காட்டினால் மேலே அனுப்புவர். செலவு தோட்டத்தின் கணக்கிற் சேரும்.

எல்மினாவின் வாசல் ஒரு திசையிலே மட்டும் திறந்தது. தலைமன்னாரின் துறை இரு திசையிலும் திறந்தது. இங்கேதான் எமது ஒப்பீடு மீண்டும் முறிகின்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்ரோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 9,75,000 பேரை எண்ணிப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பேசித் தீர்ப்பதற்கு. 1974இல் அந்த எஞ்சியோரும் இரு பாதியாக்கப்பட்டனர். எண்ணப்பட்டோரிடம் எவரும் கேட்கவில்லை. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது. ‘இராமானுஜம்’ என்னும் அக்கப்பலில், தாம் ஒருபோதும் கண்டிராத ‘சொந்த’ நாட்டுக்கு மூன்றாந் தலைமுறையினரும் நான்காந் தலைமுறையினரும் ஏறிச் சென்றனர். 1980களில் போரினால் அச்சேவை நின்றது. எஞ்சியோரின் நாடற்ற நிலை 2003இல் நிறைவேறிய சட்டத்தோடுதான் தீர்ந்தது.

2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைவுற்றதை நினைந்து, ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்னும் பெயரில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. ஜூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் முடிந்தது. வழியில் எல்லாச் சமூகத்தவரும் நீரும் உணவும் கொடுத்தனர். எம் நண்பரின் தந்தையார் அதிலே சில நாள் நடந்தவர். மலையக நாட்டார் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளையின் நூலைக் கையிற் கொண்டு வந்திருந்த ஒருவர், இத்துறையைப் பற்றிய பாடல்களைத் தேடிப் பார்த்தார். இருள் வந்துவிட்டமையால் வாசிக்க இயலவில்லை.

ஹற்றனுக்குத் திரும்பிய மறுநாள் நண்பரின் லயத்துக்குச் சென்றோம். அவருடைய பாட்டியார் கட்டிலின் கீழிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தார். இந்தியாவுக்குப் போக விண்ணப்பித்த பற்றுச்சீட்டு, போகாமல் நின்றமைக்குரிய கடிதம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், செக்ரோலிலிருந்து எழுதிக் கொடுத்த சேவைச் சான்று ஆகியன அதில் இருந்தன. அடியிலே, துணியிற் சுற்றி, நாணயத்தை ஒத்த தகரத்துண்டு ஒன்று. எழுத்துத் தேய்ந்திருந்தது, எண் மட்டும் தெரிந்தது. தம் மாமனாரின் தகப்பனார் கழுத்தில் அணிந்து வந்தது என்றார். அதனைப் பல்கலைக்கழகத்திற் பாதுகாக்கத் தருவீர்களா என்று நாம் கேட்டோம். சிறிது யோசித்தார். “படம் புடிச்சிக்கிட்டுப் போங்க தம்பி. சாமான் இங்கயே இருக்கட்டும்” என்று சொல்லி, மீண்டும் துணியிற் சுற்றிப் பெட்டியினுள் வைத்தார். படம் எடுத்துக்கொண்டோம்.